உள்ளங்கைச் சிவப்பு

என் உள்ளங்கையில் சிவப்புத் திட்டுகள் வந்தபோது, சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மாமியார். ஆரணியில் பட்டுக்குச் சாயம் தோய்க்கிற வீட்டில் கை சிவந்தால் வேறென்ன சொல்வார்கள்? அப்போது எனக்குத் தலைப்பிரசவம் வரவிருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன். சில வாரம் முன்பு என் வீட்டுக்காரர் கையிலும் அதே திட்டுகள் வந்து மறைந்திருந்தன. அவரும் சாயம் என்றுதான் சொன்னார். எனக்குப் பாதத்திலும் வந்தது. பாதத்தைச் சாயத்தில் யார் முக்கினார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாம் மாசம் பிள்ளை செத்துப் பிறந்தது. எனக்குக் காய்ச்சல் விடவில்லை, தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது.

புதுப் பாவு விரிப்பது எங்கள் தெருவில் எல்லோரும் கூடிச் செய்கிற வேலை. சேலையின் நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்தார் இருபுறமும் நின்று சிக்கெடுப்பார்கள். கற்பூரம் காட்டி முதல் இழையைத் தொடுவது என் வீட்டுக்காரர். அந்த நேரம் மாமியார் என்னை உள்ளே துரத்துவார்.

"புள்ளயத் தின்னவ. உன் நெழலு பட்டா பாவு அறுந்துடும். உள்ள போ!"

போனேன். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு வயிறெரிந்தேன்.

மறுபடி உண்டானபோது என் அம்மா என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, பழைய திட்டுகளைப் பற்றிக் கேட்டார். "அது சாயமில்லம்மா. மேகநோய், சிபிலிஸ்னு சொல்லுவாங்க. உன் வீட்டுக்காரர்கிட்டேருந்து வந்திருக்கு. முதல் குழந்தை போனதும் அதனாலதான். உனக்கு ஊசி போடறேன், இந்தக் குழந்தையைக் காப்பாத்திடலாம். ஆனா அவரும் போட்டுக்கணும். இல்லன்னா திரும்ப உனக்கு வரும்."

வீட்டில் சொன்னேன். சேலை கொடுக்க வெளியூர் போய் நாலு நாள் தங்கி வருகிற அந்த மனிதர் என்னையே கேட்டார்: "நீ எங்க போய் வாங்கிகினு வந்த?"

எனக்கு அழுகை வரவில்லை. இவரைச் சும்மா விடக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

அடுத்த பாவு விரித்த காலையில் தெருவே கூடி நின்றது. மாமியார் உள்ளே போகச் சொன்னார். நான் நேராகப் போய்ப் பாவுக்கு முன்னால் நின்றேன். கற்பூரத் தட்டோடு வந்தவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்:

"நீங்க தொடாதீங்க. நீங்க கொண்டாந்த சீக்குலதான் என் புள்ள செத்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுகினு வாங்க, அப்புறம் தொடுங்க."

மாமியார் என் வாயைப் பொத்த ஓடிவந்தார். கையைத் தட்டிவிட்டேன். எதிர்வீட்டுப் பெரியவர் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "போய்ட்டு வாப்பா, ஜல்தி. நாங்க நிக்கறோம்" என்றார்.

போனார். டாக்டரம்மா சொன்ன ஊசி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டார். அதுவரை நான் அம்மா வீட்டில் இருந்தேன். மகள் பிறந்தாள், முழுசாக, வீடதிர அழுதுகொண்டு.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அவருக்குச் சர்க்கரை வந்து, தினம் காலையில் ஊசி. மறைவாக உள்ளே போய்ப் போட்டுக்கொள்வார். தெருவில் பாவு விரித்து நாலு பேர் நிற்கிற நாளில் நான் வாசலுக்கு வந்து, எல்லோர் காதிலும் விழக் கேட்பேன்:

"என்னாங்க, ஊசி போட்டுகினீங்களா?"