தண்ணீருக்கடியில் பூண்டு வாசனை

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் படித்தால் சிரிப்பார்களே என்ற கூச்சம். சாமி விஷயம் கலந்திருக்கிறதே என்ற பயம். போன வாரம் என் மனைவி, "நீங்க எழுதறீங்களா, இல்ல நானே எழுதட்டா?" என்று கேட்டுவிட்டாள். அவள் எழுதினால் என் மானம் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது புனேயில், விஷ்ராந்த்வாடியில். ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஃபாக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். தினமும் சைக்கிள்தான். எனக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்ததும் மகன் காசிக்கு அனுப்புவான் என்று நினைத்தேன். அவன் அந்தமானுக்கு டிக்கெட் போட்டான். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய் மீன் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் அவன் குடியிருக்கும் கோந்த்வாவில், ஒரு நீச்சல் குளத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பயிற்சி.

முடியாது என்று சொல்லிவிட்டேன். மனைவி ஒரு வார்த்தைதான் சொன்னாள். "முப்பத்துமூணு வருஷமா மீன செதில் சீவித்தான் பாத்திருக்கேன். ஒரு தடவ அது நீந்தறத பாக்கணுங்க. நீங்க வர்லன்னா நானும் போவல." நானும் கிளம்பிவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் எச்சில் பார்க்கிறவன். வெளியிலும் சரி, வீட்டிலும் சரி, டம்ளரைத் தூக்கித்தான் குடிப்பேன். கல்யாணத்தன்று நான் சாப்பிட்ட இலையில் அவளை உட்கார வைத்தார்கள், அவளும் சாப்பிட்டாள். ஆனால் அவள் வாய் வைத்த எதுவும் அதுவரை என் வாய்க்கு வந்தது கிடையாது. அப்படிப்பட்டவனிடம் முதல் நாளே, பயிற்சி கொடுத்த மராட்டி டீச்சர் கண்ணையும் மூக்கையும் மூடுகிற ஒரு கண்ணாடி மாஸ்கைக் கொடுத்து, "காகா, இதுக்குள்ளே துப்புங்க" என்று ஹிந்தியில் சொன்னாள். காகா என்றால் அவர்கள் பாஷையில் சித்தப்பா. கண்ணாடியில் எச்சிலைத் தடவினால் ஆவி படியாதாம். அதற்குள் எத்தனை ஊர்க்காரர்கள் துப்பினார்களோ! மறுநாளே கேம்ப் பஜாரில் ஒரு கடைக்குப் போய், பார்க்கப் பெரிசாக இருந்த ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டேன். சிலிண்டர் காற்றை இழுக்க வாயில் கடிக்கிற ரப்பர் குழாயைப் பூஜைச் சொம்பு மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். என் மனைவிக்குப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. என்னுடையது என் காலிலேயே விழுந்தது. "மிஷி, காகா, மிஷி!" என்று டீச்சர் என் மீசையைக் காட்டினாள். மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை எடுத்தால் போதுமாம். பழனியில் மொட்டை போட்டபோதே மீசைக்கு விலக்கு வாங்கியவன் நான். எடுக்கவில்லை. பட்டையைத் தலைவலி வருமளவுக்கு இறுக்கினேன். அப்படியும் தண்ணீர் வந்தது. நெற்றியில் பட்டையாகப் பூசியிருந்த விபூதி கரைந்து கண்ணில் இறங்கியது.

கால் விஷயம் இன்னும் மோசம். வாத்துக்கால் மாதிரி ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து காலை நீட்டி மெதுவாக அடிக்க வேண்டும். முழங்காலை மடக்கி மிதிக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் பெடல் மிதித்த கால் கேட்குமா? நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். குளத்தின் அதே மூலையில் இருந்தேன். தலையைத் தூக்கும்போதெல்லாம், "காகா, சைக்கல் நகோ!" என்று, சைக்கிள் வேண்டாம் என்று, டீச்சரின் குரல். மனைவியோ வீட்டில் கட்டிலின் குறுக்கே குப்புறப் படுத்து, குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை காலை ஆட்டிப் பழகினாள்.

மூன்றாவது ஞாயிறு கிருத்திகை. எங்கள் வீட்டில் அன்று பூண்டு நுழையாது. சாயங்காலம் வரைக்கும் இருவருக்கும் விரதம். வெறும் வயிற்றோடு வரக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாள்தான். முருகன் பார்த்துக்கொள்வான் என்றேன். மனைவியும் "சரிங்க" என்றாள். குளத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குள் நான் நின்ற நேரம், அவள் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குப் பன்னிரண்டு அடி ஆழம். ஜோடி ஜோடியாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை அடியிலேயே போக வேண்டும். ஒருவருக்கு ஒருவர் காவல். போனால்தான் அந்தமான். பாதி வழியில் என் மாஸ்க் நிறைந்துவிட்டது. மூக்கில் தண்ணீர். பயந்து சைக்கிள் மிதித்தேன், நகரவில்லை. அப்போது நான் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது? வாயைத் திறந்து "முருகா!" என்று கூப்பிட்டேன்.

குழாய் வாயிலிருந்து போய்விட்டது. கையால் துழாவுகிறேன், கிடைக்கவில்லை. நெஞ்சு அடைக்கிறது. கதை முடிந்தது என்றே நினைத்தேன். அந்தச் சமயத்தில் ஒரு கை என் தாடையைப் பிடித்தது. என் மனைவி. தன் வாயில் இருந்த குழாயைப் பிடுங்கி, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி பொத்தானை அழுத்திக் காற்றைச் சீறவிட்டு, என் வாயில் திணித்தாள். அவசரத்துக்கென்று தன் மார்பில் தொங்கிய இன்னொரு குழாயைத் தான் கடித்துக்கொண்டாள்.

மூச்சை இழுத்தேன். உயிர் வந்தது. கூடவே பூண்டு வாசனையும் வந்தது. சந்தேகமே இல்லை, புனேயில் தெருவுக்குத் தெரு விற்கிற வடா பாவின் காய்ந்த பூண்டுச் சட்னி. நான் கண்ணை விரித்து அவளைப் பார்த்தேன். தண்ணீர் புகாத மாஸ்குக்குள் அவள் கண் என்னைப் பார்த்தது, புரிந்துகொண்டது, குளத்துச் சுவரின் டைல்ஸைப் பார்க்கத் திரும்பிவிட்டது. என் வாயை அடைத்திருக்கிறாள், கேட்கவும் வழியில்லை! என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். அவள் கால் அசைந்த தாளத்துக்கு என் காலும் தானாக நீண்டு அசைந்தது. அந்தக் கரை வந்துவிட்டது.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"இன்னிக்கு கிருத்திகை" என்றேன்.

"ஆமா."

"வடா பாவ்."

"ரெண்டு" என்றாள். பிறகு, "வெறும் வயித்தோட நானும் மயங்கி உழுந்தா உங்கள யாரு பாக்கறது? உங்க முருகன்கிட்ட நேத்தே கேட்டுக்கினேன். நீங்க மட்டும் என்னா, வாயில இருக்கறத துப்பிட்டுதான் கூப்புடணுமா? மனசுல கூப்ட்டா அவருக்குக் கேக்காதா?"

மறுநாள் காலை நானே கண்ணாடி முன் நின்று மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை மீசையை எடுத்தேன். அந்தமானில் அவள் மீன் நீந்துவதைப் பார்த்தாள்; அவள் பார்த்ததை நான் பார்த்தேன். இப்போதெல்லாம் அவள் பாதி குடித்துவிட்டு வைத்த டீயை எடுத்து நான் குடித்துவிடுகிறேன். "எச்சிங்க" என்பாள். அந்த எச்சிலால் பிழைத்துத்தானே நான் இன்று உட்கார்ந்து டீ குடிக்கிறேன்?

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். ஆனால் இருந்தது இருந்தபடியே சொல்லுங்கள். கூப்பிட்ட குரலுக்கு முருகன் வந்தான் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வந்தான், அது சத்தியம். பூண்டு வாசனையோடு வந்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நடந்த கதை.