முப்பதுக்கு முப்பது வாங்கிய வடிகட்டி

என் மருமகள் வாசகசாலையில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அந்தப் பிரிண்டரோடு தினமும் ஒரு சண்டை. அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் "அமைதியான பிள்ளை" என்பார்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தால்தானே தெரியும்! கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில், "நம்ம வீட்டுக் கதவு கால் முளைச்சு ஓடியா போயிடும்?" என்று கேட்டேன். "அது ஓடாது அத்தை, என் தூக்கம்தான் ஓடிடும்" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அதை அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று, அது வேறு விஷயம்.

வாசகசாலைக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். ஒரு பக்கத்தை நீட்டினால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, எங்கே தப்பு இருக்கிறது என்று தெரியும். எனக்கு எழுத்தே தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து செய்தித்தாள் பார்ப்போம். நான் படங்களைப் பார்ப்பேன், அவள் பிழைகளைப் பார்ப்பாள். செய்தி என்னவென்று கடைசியில் என் மகன்தான் வந்து சொல்ல வேண்டும்.

போன வருஷம் அந்த அறைக்கு ஒரு சோதனை வந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பாடத்துக்காக ஏதோ படம் தேடப்போய், பார்க்கக் கூடாத படம் ஒன்று திரை முழுக்க வந்துவிட்டது. அவள் அம்மா வந்து கத்தினாள். கத்தாமல் என்ன செய்வாள்? வாசகசாலைக் குழுவின் செயலாளர் மறுநாளே வந்து, "மாசக் கடைசிக்குள்ள ஏதாவது வடிகட்டி போடுங்கம்மா. இல்லேன்னா அறையைப் பூட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வடிகட்டி என்றால் தேநீர் வடிகட்டுவது அல்ல. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, இன்டர்நெட்டில் கண்டதையும் கழியதையும் உள்ளே விடாமல் தடுக்கிற மென்பொருள். அதில் வகை வகையாக இருக்கிறதாம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அவள் எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

"மூணு பார்த்து வச்சிருக்கேன் அத்தை. ஒண்ணு, நாம எழுதிக் குடுத்த தளங்களை மட்டும் திறக்கும். வேற எதையும் திறக்காது."

"குழந்தைக்குச் சரி. பெரியவங்க சண்டைக்கு வருவாங்க."

"அதேதான். ரெண்டாவது, என்னென்ன வகையைத் தடுக்கணும்னு நாமளே குறிச்சுக் குடுக்கலாம். தப்பா தடுத்துட்டா பாஸ்வேர்டு போட்டு நானே திறந்து விடலாம். மூணாவது ரொம்பக் கறார். படத்துல உடம்பு தெரிஞ்சாலே மூடிடும். நான்கூடத் திறக்க முடியாது, அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கணும்."

"கறாரானதையே போடு. பிள்ளைங்க வர்ற இடம்."

சொன்னது நான்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் என் பேச்சைக் கேட்டு மட்டும் அவள் முடிவு செய்யவில்லை. தன் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் மூன்றையும் இரண்டிரண்டு நாள் போட்டுப் பார்த்தாள். கெட்ட தளங்கள், கெட்ட தேடல்கள் என்று முப்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எழுதும்போதே முகம் சிவந்துபோய், தாளைக் கையால் மறைத்துக்கொண்டே எழுதினாள். "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, எதுக்குடி மறைக்கிறே?" என்றேன். அப்படியும் கையை எடுக்கவில்லை. இரண்டாவது வடிகட்டி முப்பதில் இருபத்தாறைப் பிடித்தது. கறாரானது முப்பதுக்கு முப்பது. செயலாளருக்கு ஒரே சந்தோஷம். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தாராம்.

அந்த அறைக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், காலை பத்து மணிக்கு ஒருவர் வருவார். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். டிரைவரய்யா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சுவரோரமாக இருக்கிற கடைசிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் திரையை ஒரு விரலால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிவைப்பார், பஸ்ஸில் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி. கால் மணி நேரம் எதையோ பார்ப்பார், எழுந்து போய்விடுவார்.

அந்தக் கறார் வடிகட்டியை எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்ட மூன்றாம் நாள் அவர் திரை சிவப்பாகிவிட்டது. கூடவே ஒரு சத்தம். "ஆபாசம் தடுக்கப்பட்டது. உங்கள் முயற்சி பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றதாம். பக்கத்தில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் எட்டிப்பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அவர் எழுந்து என் மருமகளிடம் வந்து, "நான் ஒண்ணும் தப்பா பார்க்கலைம்மா" என்றார். அவள் அப்போது பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே "சரிங்கய்யா" என்றாள். அவர் போய்விட்டார்.

ஒரு வாரம் ஆயிற்று, அவர் வரவில்லை. அவள் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தாள், அவர் தெருக்காரர் ஒருவரிடமும் விசாரித்தாள். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்க வீட்டம்மாவுக்குக் குடல் ஆபரேஷன் அத்தை. மலம் போறதுக்கு வயித்துலயே துளை போட்டு, மேல ஒரு பை ஒட்டியிருக்காங்க. அந்தப் பையை எப்படி மாத்துறதுன்னு ஒரு நர்ஸ் காட்டுற வீடியோ. அதைத்தான் இத்தனை நாளா வந்து பார்த்திருக்காரு. வயிறு தெரியுதுன்னு இது மூடிருச்சு. நான் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கலை. சரிங்கய்யான்னு சொன்னேன்."

"சரி, எந்திரி."

"எங்க?"

"அவங்க வீட்டுக்கு. விலாசம் உறுப்பினர் நோட்டுல இருக்கும்தானே? இருட்டுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

மூன்று தெரு தள்ளி, மாடி வீடு. என் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது, ஆனாலும் ஏறினேன். டிரைவரய்யா கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"நோட்டுலேர்ந்து என் பேரை எடுத்துட்டீங்களாம்மா?"

"இல்லீங்கய்யா. மன்னிப்புக் கேட்க வந்தேன். மெஷின் தப்புன்னு சொல்லிடலாம். ஆனா அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தது நான்."

உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரு வந்திருக்கா? வாசல்லயே நிக்கவச்சு டிக்கெட்டா கேக்கறீங்க?"

கட்டிலில் மெலிந்துபோய்ச் சாய்ந்திருந்தார் அந்த அம்மா. வாய் மட்டும் மெலியவில்லை. "பாருங்கக்கா, அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டினவருக்கு இத்துனூண்டு பையை ஒட்டத் தெரியலை" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரிப் பை கொடுத்திருக்கிறார்கள். அதன் துளையை நாமே அளவெடுத்து வெட்ட வேண்டுமாம். வீடியோ இல்லாமல் குத்துமதிப்பாக வெட்டியதில் துளை பெரிதாகி, கசிந்து, சுற்றிலும் தோல் வெந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் நான்கு நாள் இருந்தது. டிரைவரய்யாவிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன்.

என் மருமகள் தன் போனில் அந்த வீடியோவைப் போட்டுத் தலையணையில் சாய்த்துவைத்தாள். மூன்று பேரும் பார்த்தார்கள், நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவரய்யா அளவெடுத்தார், கோடு போட்டார், கத்தரித்தார். அவள் "இன்னும் கொஞ்சம்... போதும்... போதும்ங்கய்யா" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். பை சரியாக உட்கார்ந்தது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "எரிச்சல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கு" என்றார்.

கிளம்பும்போது அவள், "ஒண்ணுவிட்டு ஒரு நாள் நானே வந்துட்டுப் போறேன்யா" என்றாள்.

"எத்தனை நாளைக்கும்மா வருவீங்க? இது என் வேலை. நான்தான் கத்துக்கணும்." கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆனா அந்த அறைக்கு வரமாட்டேன். அந்தப் பிள்ளைங்க சிரிச்சதுங்க."

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் நின்று, "தப்பை மட்டும் தேடியே பழகிட்டேன் அத்தை. எதைத் தடுக்கணும்னு முப்பது எழுதினேன். எதைத் திறக்கணும்னு ஒண்ணுகூட எழுதலை" என்றாள்.

மறுநாள் புதிதாக ஒரு முப்பது எழுதினாள். இந்தத் தடவை எனக்குச் சத்தமாகவே வாசித்துக் காட்டினாள். வயிற்றில் பை மாற்றுவது. குழந்தைக்குப் பால் கொடுக்கத் தெரியாத புதுத் தாய் பார்ப்பது. வயதுக்கு வந்த பெண் அம்மாவிடம் கேட்கக் கூச்சப்படுவது. குடியை விட நினைக்கிறவன் தேடுவது. புருஷன் அடித்தால் எங்கே போய்ச் சொல்வது. நான் இரண்டைச் சேர்க்கச் சொன்னேன், என்னவென்று இங்கே சொல்ல மாட்டேன்.

கறாரான வடிகட்டி அந்த முப்பதில் பதினொன்றைத்தான் திறந்தது. இரண்டாவது வடிகட்டி இருபத்தெட்டைத் திறந்தது. மிச்ச இரண்டை அவளே திறந்துவிட முடிந்தது. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றாள், நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவள்.

"ஆனா நாலு கெட்டது உள்ள வருதேம்மா" என்றார் செயலாளர்.

"அந்த நாலைக் கையால சேர்த்துத் தடுத்துட்டேன் சார். நாளைக்குப் புதுசா நாலு வரும். அதைப் பார்க்கத்தானே நான் அங்க உட்கார்ந்திருக்கேன்? வாசல் பக்கத்து ரெண்டு கம்ப்யூட்டரைப் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கி, அதுல எழுதிக் குடுத்த தளம் மட்டும் திறக்கிற மாதிரி வச்சிடலாம்."

செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளுக்குத் தனியாக வை என்று முந்தின நாள் சொன்னது நான்தான். அவள் தனக்கே தோன்றியது என்கிறாள். தோன்றட்டும்.

தடுக்கும்போது திரையில் என்ன வரும் என்று காட்டச் சொன்னேன். காட்டினாள். இதிலும் சிவப்பு. "எனக்கு எழுத்து தெரியாது. இதைப் பார்த்தா யாரோ என்னை அறைஞ்ச மாதிரி இருக்கு. மாத்து" என்றேன். நிறத்தை மாற்றி, சத்தத்தை எடுத்துவிட்டு, வார்த்தைகளைத் தானே எழுதினாள். நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதினாள். "இந்தப் பக்கம் இப்போது திறக்கவில்லை. தவறு உங்களுடையது அல்ல. கையைத் தூக்குங்கள், திறந்து தருகிறோம். காரணம் கேட்க மாட்டோம்."

டிரைவரய்யாவுக்குப் போன் போட்டு, மாற்றிவிட்டேன் என்று சொன்னாள். "பார்க்கலாம்மா" என்று வைத்துவிட்டார். நாலு நாள் கடைசிக் கம்ப்யூட்டர் காலியாகவே இருந்தது. பத்து மணியானால் அவள் கண் வாசலுக்குப் போய்விடுமாம். ஐந்தாம் நாள் நானும் அவளோடு போனேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை எனக்கு.

பத்தேகாலுக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் உட்கார்ந்தார். வீடியோ திறந்துகொண்டது. பார்த்து முடித்துவிட்டு, வெந்த தோலுக்கு என்ன போடுவது என்று தேடியிருக்கிறார். அந்தப் பக்கம் மூடிக்கொண்டது. வெளிர்நீலத் திரையை அவர் மெல்லப் படிப்பது அவர் கழுத்து அசைவதிலேயே தெரிந்தது. பக்கத்தில் அதே இரண்டு பெண்கள் இருந்தார்கள். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் வலது கையை நீட்டினார். பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாக நீட்டுவார்களே, அப்படி.

என் மருமகள் போனாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே பாஸ்வேர்டைத் தட்டினாள். "ஆச்சுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பிரிண்டர் பக்கம் போய்விட்டாள்.

அவர் படித்து முடித்தார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலும் அட்டையும் எடுத்து, அங்கேயே மேசைமேல் வைத்து, பைத் துளைக்கு அளவு அட்டை வெட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா வெட்டுறீங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரிக்கும்மா" என்றார் தலையைத் தூக்காமல். "இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, வட்டம் சரியா வரமாட்டேங்குது."

அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு வந்து பிடித்துக்கொண்டாள்.