அடுப்படிக்குப் போய் வந்த ஜீப்

எங்கள் பக்கம் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை அப்பாவின் தலையில் மங்கி குல்லா ஏறுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றபடி வருடம் முழுக்க வெயில்தான். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளை அடைத்துவிடுவார்கள். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரைக்கும் இழுக்கும். தினமும் காலையில் வேனைப் பிடிக்க ஓடிய ஆட்கள் அந்தச் சில வாரங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். எங்கள் அப்பா மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதலாகவே நடப்பார்.

அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேன். நாங்கள் நாரணாபுரம் போகிற வழியில், ஒரு முன்னறையும் ஒரு உள்ளறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் இருந்தோம். நான் பிளஸ் ஒன் படித்த வருடம், சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா மழைக்கு நடுவே வந்து எனக்கு ஒரு ரிமோட் ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கணக்கில் நான் இன்னும் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. சிவப்பு நிறம், ஒரு சாண் நீளம், பின்னால் சாமான் வைக்கத் திறந்த தொட்டி. அதை எனக்குத்தான் கொடுத்தார் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் மறுநாளே அது அப்பாவுடையது ஆகிவிட்டது.

ஆளானப்பட்ட போர்மேன் கையில் வந்த பிறகு அது விளையாட்டுச் சாமானாகவா இருக்கும்? முன்னறை கம்பெனி ஆகிவிட்டது. வாசல் நிலை ஓரமாக ஒரு செம்புக் குடத்தை வைத்து, ரிமோட்டைத் தொடுகிறவர்கள் முதலில் அதைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்றார். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போவதற்கு முன்னால் உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்க அப்படித்தான் செம்புத் தகட்டைத் தொடுவார்களாம். என் தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றச் சொன்னார், இரும்பாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால், "ரூமுக்கு நாலு பேருதான். அஞ்சாவது ஆளு வெளிய நில்லு தாயி" என்று மழையில் நிறுத்துவார். ஜீப்பின் பேட்டரிக்குப் பகலில்தான் சார்ஜ் போடவேண்டும், அதுவும் அவர் கண் முன்னால். அது சார்ஜ் ஆகிற நேரம் முழுக்க, ஒரு பக்கம் மணல் வாளியும் மறுபக்கம் தண்ணீர் வாளியும் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பார்.

இதை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற சட்டம் ஒன்று இருந்தது. கம்பெனியில் அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ஆகவே பொழுது சாயும் நேரத்தில் பேட்டரியில் இருக்கிற மிச்சத்தை ஓட்டித் தீர்த்தாக வேண்டும் என்றார். தினமும் சாயங்காலம் மங்கி குல்லாவோடு நின்றுகொண்டு, ஜீப் முக்கி முனகி நிற்கும்வரை வட்டம் வட்டமாக ஓட்டுவார். நான் கேட்டால் மட்டும், "பாப்பா, இது வெளாட்டு இல்ல" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மாவுக்கு இந்தக் கூத்து எதையும் கேட்கிற நிலைமை இல்லை. அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம், கம்பெனியில் அப்பா நின்றிருந்த அறைக்கு அடுத்த அறையில் தீப்பிடித்தது. எல்லோரும் ஓடித் தப்பிவிட்டார்கள். அப்பாவுக்குப் புருவம் இரண்டும் கருகிப் போனதோடு சரி. வீட்டுக்கு வந்தவர் கண்ணாடியைப் பார்த்து, "மொட்டை போட்டாச்சு, இந்த வருசம் பழனிக்குப் போக வேண்டியதில்ல" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள். "எனக்கென்ன பயம்? நேத்தா வந்தேன் இந்த வேலைக்கு?" என்றார் அப்பா. அதோடு அம்மா வாயை மூடினவள்தான். விருதுநகரில் மாமா வேலை பார்க்கிற பருப்பு மில்லில் ஒரு சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. அப்பா அதில் சேரவேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். என்னைக் கூப்பிட்டு, அப்பா காதில் விழுகிற மாதிரி, "கம்பெனி தொறந்து இவுக திரும்ப அங்கன போனாகன்னா, நான் தூக்குச்சட்டி கட்டிக் குடுக்க மாட்டேன்னு சொல்லிரு" என்றாள்.

எங்கள் ஊரில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தூக்குச்சட்டி கட்டிக் கொடுப்பது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை. போயிட்டு வாங்க என்று வாயால் சொல்வதை எங்கள் பெண்கள் சோற்றால் சொல்வார்கள். அதைக் கட்டிக் கொடுக்காமல் ஒருத்தி புருஷனை அனுப்பினாள் என்றால் தெருவே நின்று பார்க்கும். அப்பாவும் அப்படி ஒருநாளும் போகமாட்டார். அதனால் கம்பெனி திறப்பதற்குள் இந்த இரண்டு பேரில் யார் இறங்கி வருவார்கள் என்பதுதான் அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி.

முதலில் நடுவில் கிடந்து இடிபட்டவள் நான். காபி வேணுமான்னு கேளு, துண்டு எங்கன்னு கேளு என்று இரண்டு பக்கமும் ஓடிக் கால் வலித்தது. பரீட்சைக்குப் படிக்கணும் என்று ஒருநாள் கையை விரித்துவிட்டேன். அன்றைக்கு அப்பா காலி டம்ளரை ஜீப்பின் தொட்டியில் வைத்து, முன்னறையில் உட்கார்ந்தபடியே அடுப்படிக்கு ஓட்டினார். அவர் இருக்கும் இடத்திலிருந்து அடுப்படி தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் திருப்புவார். ஜீப் வெங்காயக் கூடையில் முட்டி, அரிவாள்மணையைச் சுற்றிக்கொண்டு, அம்மாவின் கால் பக்கம் போய் நின்றது. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிந்தாத அளவுக்கு அரை டம்ளர் காபியை ஊற்றி, முகப்பைத் திருப்பி வைத்தாள்.

ஆடு பகை, குட்டி உறவு. அதற்கப்புறம் அம்மா ஜீப்போடு நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். "ஏ ஜீப்பு, மில்லுல இன்னும் ஆளு எடுக்கலயாம். எங்க அண்ணன் சொல்லி விட்டாக, போயிச் சொல்லு" என்பாள். அப்பா அங்கிருந்தே ஜீப்பை இடமும் வலமும் ஆட்டுவார். மாட்டேன் என்று அர்த்தம். "சூடு கண்ட பூனையே அடுப்படிப் பக்கம் போகாது. உங்க முதலாளிக்கு அந்தப் பூனைக்கு இருக்குற புத்தி கூடவா இல்ல?" என்பாள். ஜீப் பின்பக்கமாகவே ஓடிப்போய்விடும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அவள் பயந்து போயிருந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மழை விட்டது. அப்பாவின் புருவம் முளைத்துவிட்டது. கம்பெனியில் பூஜை போட்டுத் திறக்க நாள் குறித்துவிட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் அப்பா குளித்துத் திருநீறு பூசிச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் நின்றார். அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. அம்மா எதையோ எடுத்து எடுத்து வைக்கிற சத்தம். அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலமே எடுத்து ஒளித்து வைத்திருந்த தூக்குச்சட்டி மூடியை வெளியே எடுத்தார். சட்டியின் கனத்தை ஜீப் தாங்காது என்பதால் மூடியை மட்டும் தொட்டியில் வைத்து ரிமோட்டை அழுத்தினார். இதுதான் அவருக்குத் தெரிந்த கெஞ்சல்.

ஜீப் அசையவில்லை.

மறுபடி அழுத்தினார். எப்படி அசையும்? மிச்சம் வைக்கக் கூடாதென்று அவர்தானே நேற்றுச் சாயங்காலம் ஓட்டித் தீர்த்தார். சார்ஜ் போடலாம் என்றால் வேன் வருகிற நேரம் ஆகிவிட்டது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு நடந்தே போனார்.

"பயமாத்தான் இருக்கு," என்றார்.

பாத்திரச் சத்தம் நின்றது.

"அன்னைக்கு வெளிய ஓடியாந்து வேப்பமரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். காலு ரெண்டும் நடுங்குன நடுக்கம், நிக்கவே முடியல. இதச் சொன்னா நீ போக விடமாட்டயேன்னுதான் சொல்லல."

"நீங்க சொல்லலைன்னுதான் நான் விடல," என்றாள் அம்மா. "பயமே இல்லங்கற மனுசன எந்த தைரியத்துல நான் அங்கன அனுப்புவேன்?"

அப்பா மூடியை நீட்டினார். அம்மா அதை வெடுக்கென்று வாங்கினாள்.

"விடியக்காலமிருந்து இந்த மூடியத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

மேடையில் தூக்குச்சட்டி முன்பே நிறைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அப்பா சட்டியை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போனார். அம்மா வேன் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்தவள் தரையில் கிடந்த ஜீப்பை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இதச் சார்ஜுல போடு. பக்கத்துல மணல் வாளி வைக்க மறந்துறாத," என்றாள்.