தார்ப்பாய்க்கு அப்பால் கட்டிய புறா

மறைமலைநகரில் இரவு ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் ஊருக்கு வந்து இறங்கியதும் நேராக வயலுக்குப் போனேன். அறுவடை முடிந்த எங்கள் நிலத்தில் நெல்லைத் தார்ப்பாயில் காயப் போட்டிருந்தோம். மூன்று நாளாகப் புறாக்களும் காக்கைகளும் அதை விடவில்லை. விரட்டி விரட்டி என் மனைவிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அன்று அவள் தம்பி, தான் வளர்க்கும் புறாக்களில் ஒன்றைக் கொண்டுவந்தான்.

"மாமா, இத்த அந்தாண்ட கோடியில கட்டி, நொய்ய எறைச்சிடு. கூட்டம் பூரா அங்க எறங்கிடும். நீ பேஜாரில்லாம குந்திகினு இரு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

அப்படியேதான் நடந்தது. கட்டிய புறா நொய்யைப் பொறுக்குவதைப் பார்த்து மற்ற புறாக்களும் அங்கே இறங்கின. பின்னாலேயே காக்கைகளும் போயின. வேப்பமரத்தடியில் உட்கார்ந்த நான் எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை.

"இன்னாய்யா, தூங்கிகினு கீற? அங்க பாரு!"

மனைவியின் கம்மிய குரல் கேட்டு எழுந்து ஓடினேன். மற்ற புறாக்கள் பறந்துவிட்டிருந்தன. கட்டியிருந்ததை மட்டும் காக்கைகள் சூழ்ந்து கொத்திக்கொண்டிருந்தன. அவற்றை விரட்டிவிட்டுப் புறாவைக் கையில் எடுத்தேன். கழுத்தில் இறகு பிய்ந்து ரத்தம் கசிந்தது. காலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன்.

"தம்பிகிட்ட இன்னா சொல்றது?" என்றாள்.

"நான் தூங்கிட்டேன்னு சொல்லு."

அவள் புறாவை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அது பிறகு பிழைத்துக்கொண்டது. ஆனால் நாங்கள் அதைக் கவனித்த நேரத்தில் காக்கைகள் நெல்லுக்கு வந்துவிட்டன. உட்கார்ந்தால் மறுபடியும் தூங்கிவிடுவேன் என்று, நெல்லை மூட்டை கட்டும்வரை தார்ப்பாயைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தேன்.