நுரைக்காத மணல்

விடுமுறையில் ராமேஸ்வரம் போனதாகக் கல்லூரியில் அளந்துவிட்டேன். கடற்கரைக்குப் போய்வந்தவர்களை எல்லாம் கடல் மணல் கொண்டுவரச் சொன்னார் வேதியியல் மேடம். நான் கடலையே பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஒத்தக்கடையில், தெருவில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை அள்ளிப்போனேன்.

ஆய்வகத்தில் மேடம் ஒவ்வொருவர் மணலிலும் அமிலம் விட்டார். சிப்பித்தூள் இருந்தால் நுரைக்கும். எல்லோருடையதும் நுரைத்தது. அடுத்தது நான். எழுந்து ஓடவும் வழியில்லை.

என் பொய் தெரிந்த தோழி நஸீமா பக்கத்தில் இருந்தாள்; மேடம் பார்க்காதபோது தன் மணலில் ஒரு சிட்டிகை என் தட்டில் போட்டாள். "ஏன்டி, போகலைன்னு சொன்னா கொறஞ்சா போயிருவ?"

மேடம் அமிலம் விட்டதும் நுரைத்தது. "அருமை! எந்தக் கரையில எடுத்த?" என்றார் மேடம்.

தட்டைத் தள்ளி வைத்தேன். "நான் கடலே பார்த்ததில்ல மேடம். நுரைச்சது நஸீமா மணல்."

வகுப்பே சிரித்தது. "என்னையும் மாட்டிவிட்டியேடி!" என்று நஸீமா கிள்ளினாள்.

கடலை இன்னும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று இப்போது கூசாமல் சொல்ல முடிகிறது.