பாதம் பார்க்கிற வேளை

தேயிலை விலை விழுந்து கிடந்த அந்த வருஷங்களில் எங்கள் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. பச்சை இலை எடை போடுவது என் வேலை. மீதி நாலு நாளும் குன்னூருக்குக் கீழே ஃபேக்டரி கோட்டர்ஸ் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் மனைவி செய்கிற ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேலே கோபம். வேலையில்லாத கோபம் இன்னும் மோசம்.

ஒருநாள் காலையில் சிமெண்டுத் தரையில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. "ஏ புள்ள, தரையெல்லாம் என்னத்தக் கொட்டி வெச்சிருக்கற?" என்று கத்திக்கொண்டே அந்தச் சொட்டுகளின் பின்னால் போனேன். சமையலறையில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவளின் வலது காலடியில் போய் முடிந்தன. குதிகால் வெடிப்புக்குள் ஒரு ஜல்லிச் சில்லு ஏறியிருந்தது.

"வலிக்கலயா?"

"ஏனுங்க, என்னாச்சு?" என்று கரண்டியோடு திரும்பினாள். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அவளுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம். மாத்திரை போடுகிறாள், சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறாள், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம். கால் வெடித்ததையும், முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி தோல் வறண்டதையும், அவள் ஓயாமல் சொறிந்துகொண்டதையும் மலைக்குளிரின் தலையில் போட்டோம். இந்தக் குளிரில் யாருக்குத்தான் கால் வெடிக்கவில்லை? எனக்கே வெடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சில்லை எடுத்துக் கட்டுப் போட்டார். "குளிரு பாதிதான். சர்க்கரையால கால் வேர்க்கறது நின்னு போச்சு, அதான் தோல் இப்படிக் காயுது. உணர்ச்சியும் கொறஞ்சிருச்சு. தினம் ஒருதரம் பாதத்தப் பாருங்க, வெரலிடுக்கையும் பாருங்க. எண்ணெய் தடவுங்க, இடுக்குல மட்டும் வேண்டாம்." என் மனைவிக்கு முழங்கால் மடங்காது, கண்ணும் மங்கல். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பாக்கணும்."

என் மனைவியின் முகம் செத்துப்போனது. வீட்டுக்குள் வந்ததும் சொன்னாள்: "உங்க கையி என் கால்ல படறதா? வேண்டாமுங்க, பாவம் எனக்குத்தான் சேரும்." முப்பது வருஷத்தில் அவள் என் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. தூக்கத்தில் தெரியாமல் கால் பட்டுவிட்டால்கூட என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"கல்யாணத்தன்னிக்கு அம்மி மேல உன் காலத் தூக்கி வெச்சு மெட்டி போட்டவன் யாரு?"

"அது சடங்குங்க. இது அப்படியா?"

முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்துத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டு நாள் கெஞ்சினேன். மூன்றாம் நாள், "எக்கேடோ கெட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை இன்றைக்கும் அடிக்கலாம் போலிருக்கிறது. தினமும் "பாத்தயா?" என்பேன். "பாத்தனுங்க" என்பாள். அதோடு என் கடமை முடிந்தது. மங்கல் கண்ணுக்குக் கண்ணாடியில் என்ன தெரியும் என்று ஒருமுறையாவது நான் யோசித்திருக்கலாம்.

மூன்றாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இடது காலில் மெட்டிக்கு அடியில் தோல் உரசிப் புண்ணாகி, விரலே கறுத்துப் போயிருந்தது. நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "ஒரு வாரம் முன்னால பாத்திருந்தாப் போதுமே" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விரலை எடுத்தாக வேண்டும், இன்னொரு தடவை இப்படி விட்டால் பாதமே போய்விடும் என்றார்.

விரலை எடுத்தார்கள். மற்றக் காலின் மெட்டியையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அவள் அழுதது விரலுக்காக இல்லை. "மெட்டியில்லாத காலோட நான் எப்படிங்க ஊட்டுக்கு வருவேன்?"

"காட்டெருமை மாதிரி முன்னால நிக்கறேன். நான் உசுரோட இருக்கறதுக்கு மெட்டி சாட்சி சொல்லணுமா?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன் காலு எனக்கு வேணும், புள்ள. நீ நடக்கற சத்தம் கேக்காம அந்த ஊட்ல என்னால இருக்க முடியாது. பாவத்தையெல்லாம் என் தலையில போடு." இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புண் ஆறி வீட்டுக்கு வந்த மறுநாள், சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெந்நீரின் சூட்டை என் முழங்கையால் பார்த்தேன், அவள் காலை நம்பக்கூடாதல்லவா. கழுவி, இடுக்குகளைத் துணியால் ஒற்றி, தேங்காய் எண்ணெய் தடவினேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் காசு காசாகப் பழுப்புத் தழும்புகள். அதுவும் சர்க்கரையின் வேலைதான் என்று பின்னால் தெரிந்தது. வலது உள்ளங்காலில் ஒரு மச்சம் இருந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் காலில் மச்சம் இருப்பது எனக்குத் தெரியாது! சொன்னேன்.

"எனக்கே தெரியாதுங்க" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

முடிந்ததும் பாவம் கழிய என் காலைத் தொடக் குனிந்தாள். எட்டவில்லை. என் முட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் சாமி கொஞ்சம் ஒசரத்துல இருக்குதாக்கும்" என்று கேலி செய்தேன். அதற்கப்புறம் தினமும் இதேதான். எனக்கு அந்த அரைமணி நேரத்தில் மட்டும் கோபமே வராது.

தை மாதம் அவளுடைய அண்ணன் அவிநாசியிலிருந்து தங்கையைப் பார்க்க வந்தார். சடங்கு சம்பிரதாயத்தில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத மனுஷர். நாலு மணி ஆனது. நாலே கால் ஆனது. நான் நகரவில்லை. தேயிலை விலை, பஸ், மழை என்று மச்சானோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன். பாவத்தையெல்லாம் என் தலையில் போடு என்று வீரம் பேசியவனுக்கு, மச்சான் முன்னால் பெண்டாட்டி காலைப் பிடிக்க வெட்கம். ஒருநாள் விட்டால் என்ன ஆகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். என் எதிரில் உட்கார்ந்தாள். முகத்தை மூடவில்லை. நாலு விரல் மட்டும் இருந்த அந்தக் காலை, அண்ணன் பார்க்க நீட்டி, என் மடியில் வைத்தாள்.

"நேரமாச்சுங்க" என்றாள்.

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். வெளியே பனிமூட்டம் இறங்கி வீடு இருட்டியிருந்தது. மச்சான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"வெளிச்சம் பத்தாதுங்க, மாப்பிள்ளை. நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் லைட்டைப் போட்டார்.