சல்யூட் வேறு, சம்பளம் வேறு

என் அக்கா ராணுவத்தில் லாரி டிரைவர். பனி மூடிய மலைப்பாதையில் வெடிகுண்டு ஏற்றிய வண்டியை ஓட்டுகிறவள், லீவில் வந்தால் என் ஸ்கூட்டரில் ஏறப் பயப்படுவாள். "நீ ஓட்டுறதுக்கு அந்த மலையே தேவலடா" என்பாள்.

அந்த மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளத்தோடு தனியாக ஒரு படி உண்டு. அக்காவுக்கு மட்டும் அது திடீரென்று நின்றது. வெட்டியவர் அவளுடைய கர்னல். புகார் கொடுத்தாள். அதை விசாரித்தவரும் அதே கர்னல்தான்! அக்கா விறைப்பாக நின்றபடி "ஆமா சார்", "இல்ல சார்" என்று மட்டும் சொல்லலாம். முடிவு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

கோர்ட்டுக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "பணம் போனா போகட்டும்டா. நான் சொல்றத யாராவது ஒருத்தர் முழுசா கேக்கணும்."

கோர்ட்டில் அரசு வக்கீல் ஒரே பாட்டைத்தான் பாடினார். நியாயமான விசாரணை கேட்கும் உரிமை மற்றவர்களுக்குத்தானாம். சிப்பாயின் சம்பளம் ராணுவத்தின் உள்விவகாரமாம்.

அந்த நேரம் பார்த்துக் கர்னல் உள்ளே வந்தார். அக்கா சட்டென்று எழுந்து ஒரு சல்யூட் அடித்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. யார் மேல் வழக்குப் போட்டாளோ அவருக்கே சல்யூட்டா?

வக்கீல் சும்மா விடுவாரா? "பாத்தீங்களா, இங்ககூட இவங்க ராணுவக் கட்டுப்பாட்டுலதான் இருக்காங்க."

நீதிபதி அக்காவைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"சல்யூட் அவரு பதவிக்கு ஐயா. வண்டிய எடுன்னு சொன்னா இந்த நிமிஷமே எடுப்பேன், ஏன்னு கேக்க மாட்டேன். ஓட்டுனதுக்குக் கூலி கேக்குறது எல்லா டிரைவரும் கேக்குறதுதானே?"

நான் இவளுடைய தம்பி என்று எழுந்து கத்தத் தோன்றியது.

தீர்ப்பும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. உத்தரவு ராணுவத்தின் விஷயம். சம்பளத் தகராறில் சிப்பாய்க்கும் மற்றவர்களைப் போல நியாயமான விசாரணை உண்டு. சம்பந்தமில்லாத ஒரு நீதிபதி புகாரைப் புதிதாகக் கேட்க வேண்டும். ஆக, பணம் வரவில்லை, விசாரணைதான் வந்தது. அக்காவுக்கு அதிலேயே முகமெல்லாம் சிரிப்பு.

புது விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. கர்னல் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா வழக்கம்போல சல்யூட் அடித்துவிட்டு விறைப்பாக நின்றாள்.

"உக்காருங்கம்மா" என்றார் புது நீதிபதி. "முதல்லேருந்து சொல்லுங்க, அவசரமே இல்ல."

மலைச்சரிவில் பிரேக் போனபோதும் கலங்காதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். பாதியில் கர்னல் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க அப்புறம்" என்றார் நீதிபதி. "அவங்க முடிக்கட்டும்."